அந்த நிறுத்தம் சரிவில் இருக்கிறது

பேருந்துப் பணிமனையில் அவளுடைய பதவி நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று வாசலருகே இருக்கும் ஜன்னல் அறையில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் அங்கே வேலை பார்க்கும் இருநூறு பேரில் ஒருவர்கூட அந்தப் பதவியைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் 'அப்புறம் அக்கா'. யார் வந்து என்ன சொன்னாலும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பாள். சொல்கிறவன் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டால் போச்சு. "இரு, இரு. அதுக்கு முன்னாடி?" என்று சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்திவிடுவாள்.

விபத்து அறிக்கை எழுதித் தருவது அவளுக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

பணிமனை ஓய்வறைச் சுவரில் மாதிரி அறிக்கை ஒன்று ஒட்டியிருந்தது. எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் ஒட்டினாரோ, ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. 'மேற்படி வண்டி மிதமான வேகத்திலும் மிகுந்த எச்சரிக்கையுடனும் சென்றுகொண்டிருந்தபோது, எதிர்பாராத விதமாகத் திடீரென்று குறுக்கே வந்த...' என்று போய், அங்கே ஒரு புள்ளி வரிசை. அந்த இடத்தில் மாடோ சைக்கிளோ, எது மாட்டியதோ அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஒரு தடவை ஒரு மதில்சுவர்கூடத் திடீரென்று குறுக்கே வந்திருக்கிறது.

அக்கா அப்போது நடத்துநர். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிறது, டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், வண்டிக்குள் ஈ காக்கை இல்லை. ஒரு சைக்கிள்காரர் எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டு வந்து பின்பக்கம் மோதி விழுந்தார். பாவம், முழங்கால் சிராய்ப்பு. அக்காவிடம் அறிக்கை கேட்டார்கள். அவள் நேராக ஓய்வறைக்குப் போய், சுவரைப் பார்த்து, முத்து முத்தான கையெழுத்தில், 'மேற்படி வண்டி மிதமான வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்! நின்ற வண்டியைத் தன் கையாலேயே ஓட்டிவிட்டாள். டிரைவர் இல்லாமல் வண்டி எப்படி ஓடியது என்று கேட்டார்கள். ஒரு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தாள்.

"அந்த ஒரு மாசம்தான் நான் படிச்ச காலேஜ்" என்று சொல்வாள். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதிப் பார்த்தாள். கிழித்தாள். மறுபடி எழுதினாள். நடந்தது ஒன்றாகவும் எழுதியது வேறொன்றாகவும் போவது எந்த இடத்தில் என்று தேடிக்கொண்டே இருந்தாள். முழங்கால் வலி வந்து, நின்றபடி டிக்கெட் கிழிக்க முடியாமல் ஜன்னல் அறைக்கு வந்து சேர்ந்தபோது, யாராவது விபத்து என்று முழி பிதுங்கி வந்தால் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். பதினோரு வருடத்தில் எழுபதுக்கு மேல் எழுதியிருப்பாள். குற்றம் செய்தவனுக்கு அவள் சப்பைக்கட்டு கட்டியதில்லை. "தப்பு உன் பேர்லதான்டா. அதையும் ஒழுங்கா எழுது, பாதி தண்டனையோட போயிரும்" என்பாள். பெரும்பாலும் அப்படித்தான் போனது.

இப்படி இருக்கும்போதுதான் வாய்ப்பூட்டு மாட்டிக்கொண்டார்.

வாய்ப்பூட்டு என்பது ஒரு டிரைவர். பதினெட்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல்கூட விழாதவர். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார். இரண்டாவது சொல் வேண்டுமென்றால் நாம் மனுப் போட வேண்டும். அவருடைய வண்டியின் நடத்துநர் அதற்கு நேர்மாறு. பெயர் லவுட்ஸ்பீக்கர். அடேயப்பா, அந்த மனிதர் வாயைத் திறந்தால் நாலு நிறுத்தம் தாண்டித்தான் மூடுவார். ஒன்பது வருடமாக இருவரும் ஒரே வண்டி, ஒரே சாப்பாட்டு டப்பா. அப்படிப்பட்டவர்கள் பத்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

நடந்தது இதுதான். மேட்டுத் தெரு நிறுத்தத்தில் ஒரு தையல்காரம்மா பின்வாசல் வழியாக இறங்கிக்கொண்டிருக்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. அந்த அம்மா விழுந்து வலது கை முறிந்துபோனது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? புகார் வந்தது. ஓடும் வண்டிக்கு நடத்துநர்தான் கண். கூரையோடு ஓடும் கயிற்றை ஒரு தடவை இழுத்து மணி அடித்தால் நில், இரண்டு தடவை அடித்தால் போ. லவுட்ஸ்பீக்கர் எழுதிக் கொடுத்தார்: 'நான் ஒரு மணிதான் அடித்தேன், நில் என்றுதான் அடித்தேன்.' வாய்ப்பூட்டு எழுதிக் கொடுத்தது ஒரே வரி: 'இரண்டு மணி கேட்டது, எடுத்தேன்.'

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பணிமனை மேலாளர் முடிவு கட்டினார். யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. மூன்று பக்கம் எழுதியவன் எங்கே, நாலு சொல் எழுதியவன் எங்கே! அடுத்த வாரம் விசாரணை. டிரைவர் வேலை போவது மட்டுமில்லை, உரிமமும் போகும். அதற்கப்புறம் அவர் எந்த வண்டியிலும் உட்கார முடியாது.

அக்கா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மேட்டுத் தெருவுல வண்டிய நிறுத்தினே. அப்புறம்?"

"மணி கேட்டுது."

"இரு. நிறுத்தினதுக்கும் மணிக்கும் நடுவுல என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலக்கா."

"கால் எங்க இருந்துச்சு?"

வாய்ப்பூட்டு யோசித்தார். உட்கார்ந்த இடத்திலேயே வலது காலைத் தரையில் அழுத்தினார், லேசாகத் தளர்த்தினார், மறுபடி அழுத்தினார். "மேடுல்ல. பிரேக்க மாத்தி மிதிச்சேன். ஒரு சாண் பின்னாடி வந்திருக்கும்."

"இத ஏன்யா எழுதல?"

"தினமும் நடக்கறதுதானேக்கா" என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இதே நோய்தான் எல்லாருக்கும். தினமும் நடப்பதை எவனும் எழுத மாட்டான். கதை முழுக்க அதில்தான் கிடக்கும். அடுத்து லவுட்ஸ்பீக்கரைப் பிடித்தாள். அவர் தன் நேர்மையிலிருந்து ஆரம்பித்து, தன் தகப்பனாரின் நேர்மைக்குப் போய், அங்கிருந்து இந்தக் காலத்து மனிதர்களுக்கு வந்தார். அக்கா பேனாவால் மேசையைத் தட்டினாள்.

"ஒரு மணி எதுக்கு அடிச்சீங்க? வண்டிதான் ஏற்கெனவே நின்னுட்டிருந்துச்சே?"

லவுட்ஸ்பீக்கருக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. பணிமனை வரலாற்றில் இது பதிவு செய்ய வேண்டிய விஷயம்.

"வண்டி லேசா நகர்ந்த மாதிரி இருந்துச்சுக்கா. ஆள் இறங்கிட்டிருக்கேன்னு டக்குனு ஒரு இழுப்பு இழுத்தேன். சத்தியமா ஒண்ணுதான். அவன் இத்தன வருஷம் கூட இருந்துட்டு, என்னப் போய் பொய்யன்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேருடைய கதையும் ஒரு சாண் நகர்வில் வந்து சரியாகப் பொருந்தியது. பொய் சொல்கிறவர்கள் கதை இப்படிப் பொருந்தாது. அப்படியென்றால் ஒருவர் அடித்தது ஒரு மணி, இன்னொருவர் கேட்டது இரண்டு மணி. நடுவில் ஒரு மணி யாருடையது? அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறை நாளில் தையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. தையல் மெஷின்மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. வெட்டி வைத்த துணிகள் பத்துப் பன்னிரண்டு, பேர் எழுதிய காகிதம் குத்தியபடி அலமாரியில் காத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கை மாவுக்கட்டில் இருந்தது.

"டிரைவருக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களா?"

"இல்லம்மா. என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"அதான் எழுதிக் குடுத்தாச்சே. மாப்பிள்ளைதான் எழுதினாரு."

மாப்பிள்ளை எழுதிய புகாரை அக்கா படித்திருந்தாள். 'அலட்சியத்தின் சிகரமாக, மனிதநேயம் மரத்துப்போன நிலையில்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். அந்த அம்மா எந்தப் படியில் நின்றார் என்பது மட்டும் அதில் இல்லை.

"அது மாப்பிள்ளை எழுதினது. நீங்க சொல்லுங்க. எந்திரிச்சீங்க. அப்புறம்?"

அந்த அம்மா முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். எழுந்தது, கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு வந்தது, வலது கையில் பை, ஒரு கால் படியில். பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியை விரட்டாமல் ஓட்டுவது போல அக்கா ஒவ்வொரு படியாக நகர்த்தினாள்.

"வண்டி லேசா பின்னாடி வந்துச்சா?"

"ஆமா! அத எப்படிச் சொல்றீங்க? பகீர்னு ஆயிடுச்சு."

"அப்ப உங்க இடது கை எங்க இருந்துச்சு?"

"இடது கை..." என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா நல்ல கையைத் தலைக்கு மேலே தூக்கினார். விரல்கள் மூடின. எதையோ பிடித்துக் கீழே இழுத்தன. இழுத்த கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மா தன் கையைத் தானே நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்துங்கன்னு ஒரு தடவ இழுத்தேன்" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "வாசல் பக்கத்துல கயிறு தொங்குச்சு. பயத்துல இழுத்தேன். மாப்பிள்ளைகிட்டகூடச் சொன்னேன். அதெல்லாம் சின்ன விஷயம் அத்தை, வேணாம்னுட்டாரு." மூடிக் கிடந்த மெஷினைப் பார்த்தார். "அப்ப என் கைய நானே ஒடிச்சுக்கிட்டேன்னு எழுதப் போறீங்களாம்மா?"

அக்காவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதை அப்படியே எழுதினால் வாய்ப்பூட்டு தப்பித்துவிடுவார். ஆனால் இந்த அம்மாவின் தலையில் பழி விழும். மூடிய மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

"அப்படி எழுத மாட்டேன். எழுதி எடுத்துட்டு வர்றேன். நீங்க படிச்சுப் பாருங்க. சரியில்லைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா கையெழுத்துப் போட வேணாம்" என்றாள்.

வாயில் சுலபமாக வந்துவிட்டது; எழுதும்போதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. இதுவரை எழுதிய எழுபதில் எதுவும் அவளை இப்படிப் படுத்தியதில்லை. சாப்பாட்டு மேசையில் நடந்ததையெல்லாம் துண்டுச் சீட்டுகளில் எழுதி வரிசையாகப் பரப்பினாள். 'விழுந்தார்' என்ற சீட்டை முதலில் வைத்தாள். டிரைவர் கொலைகாரன் போலத் தெரிந்தார். 'கயிற்றை இழுத்தார்' என்பதை முதலில் வைத்தாள். தையல்காரம்மா அசட்டுத்தனம் செய்தவர் போலத் தெரிந்தார். 'ஒரு மணி அடித்தார்' என்றால் லவுட்ஸ்பீக்கர் சிக்கினார். அதே சீட்டுகள்தான். எது முதலில் வருகிறதோ அதன் தலையில் குற்றம் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளுடைய வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். அன்றைக்குத் தரையில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா எந்த அறிக்கையை எழுதினாலும் முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டுவாள். அவருக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது. சொல்லாததை அவராகப் புரிந்துகொள்ளவே மாட்டார். அந்தக் குணத்தால் குடும்பத்தில் பல சண்டை வந்திருக்கிறது. அறிக்கைக்கு மட்டும் அவரை விட்டால் ஆள் இல்லை.

"ஒரு சாண் எப்படிப் பின்னாடி வரும்? நின்ன வண்டிதானே?" என்றார்.

"மேடுங்க. சரிவு."

"அத நீ சொல்லவே இல்லையே."

அக்கா சீட்டுகளைப் பார்த்தாள். சரிவு என்று ஒரு சீட்டே இல்லை. எல்லாரையும் முன்னாடி முன்னாடி என்று உலுக்கியவள், எல்லாவற்றுக்கும் முன்னாடி இருந்ததை விட்டுவிட்டாள்! ஒரு புதுத் தாளை எடுத்து எழுதினாள்: 'அந்த நிறுத்தம் சரிவில் இருக்கிறது.'

அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. சரிவில் நிற்கும் வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. டிரைவர் உடனே பிரேக்கை அழுத்தினார். ஆள் இறங்குவதைக் கண்ட நடத்துநர் நில் என்று ஒரு மணி அடித்தார். படியில் நின்ற அம்மா நில் என்று ஒரு தடவை கயிற்றை இழுத்தார். மணி இரண்டு முறை ஒலித்தது. வீட்டுக்காரர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "அந்தம்மா ஏன் பைய விட்டுட்டுக் கம்பியப் பிடிக்கல?" அக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் விசாரித்து எழுதினாள்: பையில் அடுத்தவர்களுடைய துணி இருந்தது.

தையல்காரம்மா அதை மூன்று தடவை படித்தார். பிறகு இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். "விழுந்தது நான்தான். ஆனா எப்படி விழுந்தேன்னு எனக்கே இப்பதான்மா தெரியுது" என்றார்.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி சிவப்புப் பென்சில்காரர். அறிக்கை என்று எதைக் கொடுத்தாலும் வரிக்கு வரி அடிக்கோடு போட்டுக் கேள்வி கேட்பார். "இந்த டிப்போல மட்டும் நாப்பது டிரைவருக்கும் ஒரே விபத்துதான் நடக்குதா?" என்று ஒரு தடவை மானத்தை வாங்கியவர். வாய்ப்பூட்டும் லவுட்ஸ்பீக்கரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தையல்காரம்மா. கதவோரமாக அக்கா.

அதிகாரி சத்தமாகப் படித்தார். முதல் வரியில் தூக்கிய பென்சிலை இரண்டாம் பக்கம் வரைக்கும் கீழே வைக்கவில்லை. எங்கும் கோடும் போடவில்லை.

"'மணி இரண்டு முறை ஒலித்தது'" என்று படித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாய்ப்பூட்டின் இடது கை தானாக எழுந்து, காற்றில் கியரைத் தேடிப் போட்டது. வலது கால் தரையை மிதித்தது. அவருக்குத் தெரியவே இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். லவுட்ஸ்பீக்கர் பார்த்தார், பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் படித்தார். கடைசி வரி இது: 'நில் என்று சொன்ன இருவரும் சரியாகவே சொன்னார்கள், போ என்று கேட்டவரும் சரியாகவே கேட்டார், ஒரே கயிற்றை இரண்டு கைகள் இழுக்க முடியும் என்பதுதான் தவறு.'

"இது நடந்ததுதானாம்மா?" என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

"ஒண்ணு விடாம" என்றார் அந்த அம்மா. நிமிர்ந்துதான் சொன்னார்.

"யார் எழுதினது?"

மேலாளர் கையைக் காட்டினார். அக்கா எழுந்து நின்றாள். ஒரு காலத்தில் நின்ற வண்டியை ஓட்டிய அதே கை. அதிகாரி சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்காவுக்கு அது ஆயுசுக்கும் போதும். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் பதினாறு தடவை சொன்னாள், முதலிலிருந்து.

வாய்ப்பூட்டு மறுநாளே வண்டி எடுத்தார். எல்லா வண்டிகளிலும் பின்வாசல் பக்கம் தொங்கிய கயிற்றை வெட்டி எடுத்தார்கள். தையல்காரம்மாவின் கை சேர இரண்டு மாதம் ஆனது. முதல் வேலையாக மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்ததாகச் சொல்லி அனுப்பினார். மேலாளர் சும்மா இருப்பாரா? ஓய்வறைச் சுவரிலிருந்த பழைய மாதிரியைக் கிழித்துவிட்டு, அக்காவின் அறிக்கையை ஒரு பிரதி எடுத்து அதே இடத்தில் ஒட்டிவிட்டார்.

வந்தது வினை. புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் பணிமனை வாசல் தூணில் வண்டியை உரசிவிட்டு, அறிக்கையோடு ஜன்னலுக்கு வந்தார். அக்கா வாங்கிப் படித்தாள். 'அந்த நிறுத்தம் சரிவில் இருக்கிறது' என்று ஆரம்பித்திருந்தது.

"ஏம்ப்பா, நம்ம டிப்போ வாசல் எங்கய்யா சரிவுல இருக்கு? வாசல் எப்ப நிறுத்தமாச்சு?" என்று கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. பின்னால் வாய்ப்பூட்டு வந்து நின்றார். புதியவரின் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். அப்புறம் ஓய்வறைக்குள் போய், சுவரில் ஒட்டியிருந்ததை ஓரம் கிழியாமல் பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு நடந்தது தம்பி. எங்க மூணு பேருக்கும் நடந்தது" என்றார். பணிமனையில் அவர் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் புதியவரை உட்கார வைத்தார். "உனக்கு என்ன நடந்துச்சோ அத அக்காகிட்டச் சொல்லு. காலையில வண்டியில ஏறினதுலேருந்து சொல்லு."

அக்கா கன்னத்தில் கையை வைத்தாள்.

"ஏறினேன்க்கா" என்றார் புதியவர்.

"அப்புறம்?" என்று கேட்டது அக்கா இல்லை, வாய்ப்பூட்டு.